ரத்தத்தில் மிதக்கும் 'குட்டி ஆர்என்ஏ' புற்றுநோயைக் காட்டிக்கொடுக்குமா? சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டறிந்தது என்ன?

"வயிறு எரியுது... கேஸ்ட்ரிக்தான், வேற ஒண்ணுமில்ல."

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதும் சரி, வேலையிடத்தில் பேசும்போதும் சரி, இதைக் கேட்காதவர் இருக்கமாட்டார். பெரும்பாலும் அது உண்மையாகவே கேஸ்ட்ரிக்தான். மிகச் சிலருக்கு மட்டும் அது வயிற்றுப் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக்கூடும்.

வயிற்றுப் புற்றுநோய் தொடக்கக் கட்டத்தில் அநேகமாக அறிகுறி காட்டாது. காட்டினாலும் சாதாரண அஜீரணம்போலவே இருக்கும். அறிகுறி தெளிவாகத் தெரியும் நேரத்தில் நோய் பரவியிருக்க வாய்ப்பு உண்டு.

அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க, ஒரு குழாய் ரத்தத்தில் மிதக்கும் மிகச் சிறிய மூலக்கூறுகளை ஆராய்கிறது சிங்கப்பூரில் உருவான ஒரு சோதனை. அந்த மூலக்கூறுகளின் பெயர் மைக்ரோ ஆர்என்ஏ. 2024ஆம் ஆண்டின் மருத்துவ நொபெல் பரிசு அவற்றைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

அது என்ன? புற்றுநோயுடன் அதற்கு என்ன தொடர்பு? அந்தச் சோதனையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

குட்டி ஆர்என்ஏ... அப்படின்னா என்ன?

தேக்கா உணவு நிலையத்தில் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

கடையின் எல்லாச் சமையல் குறிப்புகளும் ஒரே பெரிய புத்தகத்தில் இருக்கின்றன. அந்தப் புத்தகம் பூட்டிய அலமாரியைவிட்டு வெளியே வராது. அதுதான் டிஎன்ஏ.

ஓர் உணவு தேவைப்பட்டால் அந்தக் குறிப்பை மட்டும் ஒரு சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புவார்கள். அந்தச் சீட்டுதான் தூது ஆர்என்ஏ. கொவிட்-19 தடுப்பூசி வந்த காலத்தில் 'எம்ஆர்என்ஏ' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதேதான்.

சீட்டைப் பார்த்துச் சமையற்காரர் உணவைத் தயாரிப்பார். உயிரணுவில் அந்த உணவு, புரதம்.

இங்கே ஒரு மேற்பார்வையாளரும் இருக்கிறார். "இது போதும், இனிமே போடாதே" என்று சில சீட்டுகளைப் பிடித்து நிறுத்திவைப்பது, சிலவற்றைக் கிழித்துப் போடுவது அவருடைய வேலை. அவர்தான் மைக்ரோ ஆர்என்ஏ.

தூது ஆர்என்ஏயில் ஆயிரக்கணக்கான எழுத்துகள் இருக்கலாம். மைக்ரோ ஆர்என்ஏயில் இருப்பது சுமார் 22 எழுத்துகள் மட்டுமே. அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. மற்ற சீட்டுகளில் தனக்குப் பொருந்தும் சில எழுத்துகளைத் தேடி ஒட்டிக்கொள்வதே அதன் வேலை. ஒட்டிக்கொண்டால், அந்தச் சீட்டு சொல்லும் புரதம் குறைந்துவிடும்.

மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏக்கள் உள்ளன. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல சீட்டுகளைக் கட்டுப்படுத்தலாம். ஒரே சீட்டைப் பல மைக்ரோ ஆர்என்ஏக்களும் கட்டுப்படுத்தலாம்.

1 மில்லிமீட்டர் புழுவில் தொடங்கிய கதை

விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அது சரியான வரிசையில் வளராமல் போவதற்குக் காரணமான ஒரு மரபணுவைத் தேடிச் சென்றபோது, அந்த மரபணு புரதம் எதையும் உருவாக்கவில்லை என்பது தெரியவந்தது. கிடைத்தது, 22 எழுத்துகள் கொண்ட ஒரு குட்டி ஆர்என்ஏ. அதற்கு லின்-4 என்று பெயர்.

1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய பரபரப்பு ஏதும் இல்லை. அது அந்தப் புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று பலரும் விட்டுவிட்டனர்.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2000இல், ருவ்கனின் குழு லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்என்ஏயைக் கண்டுபிடித்தது. அது புழுவில் மட்டுமல்ல, மனிதர் உட்பட விலங்குலகம் முழுக்க இருந்தது. அதற்குப் பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

சரி, புற்றுநோய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

உயிரணு எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதில் கட்டுப்பாடு தவறுவதே புற்றுநோய். கட்டுப்படுத்தும் மேற்பார்வையாளர் காணாமல் போனால் என்ன ஆகும்?

2002இல் அமெரிக்காவில் கார்லோ குரோசேயின் குழு அதைத்தான் பார்த்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய் நோயாளிகள் பலரிடம் 13ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு தொலைந்திருந்தது. பல ஆண்டுகளாகத் தேடியும், அந்தத் துண்டில் குற்றவாளி என்று சொல்லத்தக்க மரபணு எதுவும் சிக்கவில்லை. கடைசியில் அங்கே இருந்தவை மிர்-15, மிர்-16 எனும் இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்கள். ஆராயப்பட்ட நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரிடம் அவை இல்லை அல்லது குறைந்திருந்தன.

புற்றுநோயுடன் மைக்ரோ ஆர்என்ஏக்குத் தொடர்பு உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று. பிறகு எதிர்மாறான உதாரணங்களும் கிடைத்தன. சில மைக்ரோ ஆர்என்ஏக்கள் அளவுக்கு மீறிப் பெருகி, புற்றுநோயைத் தடுக்கும் சீட்டுகளைக் கிழித்துப் போடுகின்றன. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து.

சிங்கப்பூர், பாஸ்டன், மீண்டும் சிங்கப்பூர்: ஓர் ஆய்வாளரின் பயணம்

இந்தத் துறையில் நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கும் பணியைப் பார்க்க, லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் ஒரு முறை மாறினால் போதும். புவன விஸ்தாவில் இருக்கும் பயோபொலிஸ் ஆய்வு வட்டாரத்திற்குப் போய்விடலாம்.

அங்குள்ள ஜீனோம் கழகத்தில்தான் இவோன் டே தம்முடைய தொடக்ககால ஆய்வுகளைச் செய்தார். 2008இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் அவர்.

மைக்ரோ ஆர்என்ஏக்கள் சீட்டின் கடைசிப் பகுதியில்தான் ஒட்டிக்கொள்ளும் என்பது அப்போது பெரும்பாலோரின் கருத்து. அதனால் ஆய்வாளர்கள் அந்தப் பகுதியை மட்டும் தேடினர். எலியின் கரு மூல உயிரணுக்களை ஆராய்ந்த இவோன் டேயின் குழு, சீட்டின் நடுப்பகுதியிலும், அதாவது புரதத்திற்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கும் இடத்திலேயே, அவை ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. மூன்று மைக்ரோ ஆர்என்ஏக்கள் அப்படி ஒட்டிக்கொண்டு, மூல உயிரணுவை அடுத்த கட்டத்திற்குத் தள்ளின.

எளிமையாகச் சொன்னால், எல்லாரும் வாசலில் தேடிக்கொண்டிருந்தபோது ஆள் கூடத்திலும் உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டிய ஆய்வு.

அடுத்து அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் சென்று, பியெர் பாவ்லோ பண்டோல்ஃபியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே கவனம் பி-டென் என்ற மரபணுமீது திரும்பியது. உயிரணுப் பெருக்கத்திற்கு அது ஒரு பிரேக். பலவகைப் புற்றுநோய்களில் அந்த பிரேக் பழுதாகிவிடுகிறது. அதன் அளவு கொஞ்சம் குறைந்தாலே ஆபத்து கூடும்.

2011இல் அந்தக் குழு முன்வைத்த கருத்தைப் புரிந்துகொள்ள மறுபடியும் உணவு நிலையத்திற்கு வருவோம்.

சீட்டுகளைக் கிழிக்கும் மேற்பார்வையாளர்கள் சிலர்தான். கிழிக்க வேண்டிய சீட்டுகளோ பல கடைகளில் குவிந்திருக்கின்றன. பக்கத்துக் கடையில் நிறையச் சீட்டுகள் இருந்தால் அவர்கள் அங்கே மும்முரமாக இருப்பார்கள். உங்கள் கடைச் சீட்டு தப்பிக்கும். பக்கத்துக் கடையில் சீட்டு குறைந்துபோனால் எல்லாரும் உங்கள் கடைக்கு வந்துவிடுவார்கள்.

அதேபோல, பி-டென் மரபணுவில் எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும், அதே மைக்ரோ ஆர்என்ஏக்களைப் பங்கிட்டுக்கொள்ளும் வேறு சீட்டுகள் குறைந்தால் பி-டென்னும் குறையலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. மரபணுவைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். பிரேக் மட்டும் சரியாகப் பிடிக்காது.

இந்தக் கருத்தை எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு சீட்டின் எண்ணிக்கை கொஞ்சம் மாறினால் போதாது, மிகப் பெரிய அளவில் மாறினால்தான் மற்றதைப் பாதிக்கும் என்று 2014இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களின் அளவீடுகள் சுட்டின. உடலுக்குள் இந்தப் போட்டி எந்த அளவு முக்கியம் என்ற விவாதம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

இவோன் டே சிங்கப்பூர் திரும்பி, தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய் அறிவியல் நிலையத்தில் தமது சொந்த ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். புரதம் தராத ஆர்என்ஏக்கள் புற்றுநோயில் என்ன செய்கின்றன என்பதே அந்தக் குழுவின் கேள்வி.

ஆய்வுக்கூடத்திலிருந்து ரத்தக் குழாய்க்கு...

ஆர்என்ஏ என்றாலே சீக்கிரம் சிதைந்துவிடும். ரத்தத்தில் அதைச் சிதைக்கும் நொதிகள் ஏராளம். அப்புறம் எப்படி ரத்தத்தில் தேடுவது?

2008இல் அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வாளர்கள் அதற்கு விடை தந்தனர். ரத்த நீர்மத்தை 24 மணி நேரம் சாதாரண அறையில் வைத்திருந்தும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் கெடவில்லை. பலமுறை உறையவைத்து உருக்கியும் தாக்குப்பிடித்தன. சில புரதங்களும் நுண்ணிய கொழுப்புப் பைகளும் அவற்றுக்குக் கவசமாக இருப்பதே காரணம். புற்றுக் கட்டியிலிருந்து கசிந்த மைக்ரோ ஆர்என்ஏக்களும் ரத்தத்தில் இருக்கும் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

அடுத்த சிக்கல், அளப்பது. கொவிட்-19 பரிசோதனையில் பயன்பட்ட பிசிஆர் முறைக்கு, தேடப்படும் பொருளில் ஒட்டிக்கொள்ளும் 'பிரைமர்' எனும் சிறு துண்டுகள் தேவை. ஒரு பிரைமரே சுமார் 20 எழுத்து நீளம். தேடப்படும் மைக்ரோ ஆர்என்ஏயும் சுமார் 22 எழுத்துதான். ஆள் உயரமே கதவின் உயரம் என்றால் எப்படி?

அதற்கு வழி கண்டவர்கள் தேசியப் பல்கலைக்கழகத்தின் டூ ஹெங் போன், அவருடன் பணியாற்றிய சோ லிஹான், சோ ருய்யாங் ஆகியோர். ஏ-ஸ்டார் எனும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பில் நடந்த பணியிலிருந்து 2014இல் மிர்எக்ஸஸ் என்ற நிறுவனம் உருவானது. கொவிட் காலத்தில் ஏ-ஸ்டாரும் டான் டோக் செங் மருத்துவமனையும் உருவாக்கிய 'ஃபோர்ட்டிடியூட்' பரிசோதனைக் கருவியைத் தயாரித்தது இதே நிறுவனம்தான்.

தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் நிபுணர்களுடன் சேர்ந்து உருவான வயிற்றுப் புற்றுநோய் ரத்தப் பரிசோதனையின் பெயர் கேஸ்ட்ரோகிளியர். அது 12 மைக்ரோ ஆர்என்ஏக்களின் அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் தருகிறது. மதிப்பெண்ணைப் பொறுத்து ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பிரிக்கப்படும். சுகாதார அறிவியல் ஆணையம் 2019இல் அதற்கு அனுமதி அளித்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இதைப் பற்றிய ஆய்வு முடிவுகள் 'கட்' எனும் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தன. சிங்கப்பூர், கொரியா இரண்டிலுமாக 5,248 பேர் அதில் சம்பந்தப்பட்டனர். அவர்களில் 4,566 பேர், ரத்தப் பரிசோதனையை நேரடியாகச் சோதித்துப் பார்க்கும் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள்.

சோதனை, புற்றுநோய் இருந்தவர்களில் சுமார் 87 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடித்தது. புற்றுநோய் இல்லாதவர்களில் சுமார் 68 விழுக்காட்டினரை "இல்லை" என்று சரியாகச் சொன்னது.

கேட்க நல்லா இருக்கு. ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒன்றுசேரும்போது என்ன நடக்கிறது?

ஓர் உதாரணத்திற்கு, 1,000 பேர் சோதனை செய்துகொள்கிறார்கள் என்றும், அவர்களில் 10 பேருக்கு உண்மையிலேயே வயிற்றுப் புற்றுநோய் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

- அந்த 10 பேரில் சுமார் 9 பேரைச் சோதனை பிடித்துவிடும். ஒருவர் தவறிவிடுவார்.

- மீதி 990 பேருக்குப் புற்றுநோய் இல்லை. அவர்களில் சுமார் 317 பேருக்கும் "ஆபத்து இருக்கலாம்" என்றே முடிவு வரும்.

- ஆக, அப்படி முடிவு பெறும் சுமார் 326 பேரில் உண்மையில் நோய் இருப்பது 9 பேருக்குத்தான்.

அதனால், "ஆபத்து இருக்கலாம்" என்ற முடிவு வந்தால் உடனே இடிந்துபோகத் தேவையில்லை. ஆனால் அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அடுத்த படி 'ஸ்கோப்' எனப்படும் உள்நோக்கிப் பரிசோதனை. சிறிய கேமரா பொருத்திய குழாயை வாய்வழியாக வயிற்றுக்குள் செலுத்தி நேரில் பார்ப்பது. சந்தேகமான இடத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகுதான் புற்றுநோய் உண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அப்படின்னா ரத்தப் பரிசோதனை எதுக்கு? 1,000 பேருக்கும் ஸ்கோப் செய்வதற்குப் பதிலாகச் சுமார் 326 பேருக்குச் செய்தால் போதும். பயத்தால் ஸ்கோப்பைத் தள்ளிப்போடுபவர்கள்கூட ரத்தம் கொடுக்கத் தயங்கமாட்டார்கள். யாருக்கு முதலில் ஸ்கோப் செய்வது என்று வரிசைப்படுத்த உதவும் சல்லடை அது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் கேஸ்ட்ரோகிளியருக்கு 'முன்னோடிக் கருவி' என்ற தகுதியைக் கொடுத்தது. பரிசீலனையை விரைவுபடுத்த உதவும் தகுதி அது. விற்பனைக்கான அனுமதியும் அதுவும் ஒன்றல்ல.

மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏக்கள் வெளியே கொட்டி அளவைக் குழப்பிவிடும். வீக்கம், தொற்று போன்றவையும் அளவுகளை மாற்றலாம். ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முடிவு இன்னோர் இடத்தில் கிடைக்காமல் போவதற்கு இவையும் காரணம்.

குட்டி ஆர்என்ஏ மருந்தாகவும் ஆகுமா?

முயன்றிருக்கிறார்கள். மிர்-34 என்ற மைக்ரோ ஆர்என்ஏ பல புற்றுக் கட்டிகளில் குறைந்திருக்கிறது. அதைச் செயற்கையாகச் செய்து ஊசியாகப் போட்டால்? 2013இல் தொடங்கியது அந்தச் சோதனை. சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் கடுமையான நோய் எதிர்ப்பு சார்ந்த பக்கவிளைவுகள் ஏற்பட்டதால் 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது.

ஒரு மைக்ரோ ஆர்என்ஏ பல சீட்டுகளைத் தொடும் என்று முன்பு பார்த்தோம். மருந்தாக்குவதில் அதுவே சவால். தேவையில்லாத சீட்டுகளையும் அது தொட்டுவிடும்.

ஒரே சீட்டைக் குறிவைக்கும் இன்னொரு வகைக் குட்டி ஆர்என்ஏவுக்கு வெற்றி கிடைத்துள்ளது. 2018இல் அத்தகைய முதல் மருந்து, பரம்பரையாக வரும் ஓர் அரிய நரம்பு நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஊசியும் வந்தது. தொடக்க ஊசிகளுக்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும். இந்த மருந்துகளுக்குப் பின்னால் இருக்கும் வேதியியலில் முக்கியப் பங்காற்றியவர், அமெரிக்காவின் அல்னைலம் நிறுவனத்தில் பணியாற்றும் தமிழர் முத்தையா மனோகரன்.

அந்த வெற்றிகளில் பெரும்பாலானவை கல்லீரலைக் குறிவைப்பவை. மருந்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்க்கும் வழி கிடைத்துவிட்டது. உடலில் எங்கோ இருக்கும் புற்றுக் கட்டிக்குள் கொண்டுசேர்ப்பது இன்னும் கடினமாகவே இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

எல்லாரும் இந்த ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? தேவையில்லை. சிங்கப்பூரில் வயிற்றுப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் குறைவு. ஆபத்து குறைந்த பிரிவில் சோதனை செய்தால், மேலே பார்த்த கணக்குப்படி வீண் கவலை தரும் முடிவுகளின் பங்கு இன்னும் கூடும். குடும்பத்தில் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேஸ்ட்ரிக் என்று எப்போது விட்டுவிடக் கூடாது? காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது. இவற்றில் எது இருந்தாலும் கடையில் மருந்து வாங்கிச் சமாளிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 50 வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும் அப்படித்தான்.

ஆபத்தைக் குறைக்க முடியுமா? ஹெலிகோபேக்டர் பைலோரி எனும் கிருமி, வயிற்றுப் புற்றுநோய்க்கான முக்கியக் காரணங்களில் ஒன்று. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் அதைக் கண்டறியலாம். மருந்து கொடுத்துப் போக்கலாம். புகைபிடிப்பதை விடுவதும், கருவாடு, ஊறுகாய் போல உப்பு அதிகமுள்ள உணவைக் குறைப்பதும் உதவும்.

முதலில் எந்தப் பரிசோதனை? பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் ஆக அதிகம் ஏற்படும் புற்றுநோய்களில் ஒன்று. 50 வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மலப் பரிசோதனை செய்துகொள்ளப் பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டிலேயே மாதிரி எடுக்கலாம். 50 முதல் 69 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஈராண்டுக்கு ஒரு முறை மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை. 25 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனை. ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த சிங்கப்பூரர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளின் கட்டணம் முழுமையாக ஈடுகட்டப்படுகிறது.

புதிய ரத்தப் பரிசோதனையைப் பற்றி யோசிக்கும் முன்பு, வீட்டில் அப்பா அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "இந்த வருஷம் மலப் பரிசோதனை செஞ்சீங்களா?"